நாலு பக்கம் சொன்னா சரி

அந்தப் பையை மடியில வச்சுக்க தங்கச்சி, மேல வச்சேன்னா கணவாய்ல வண்டி திரும்புறப்ப எவன் தலையிலயாவது விழும். மதுரைக்கா? நல்லதாப் போச்சு, நானும் மதுரைதான். பஸ்ல வாயை மூடிக்கிட்டு வந்தா எனக்குக் குமட்டும். அதனால பேசிக்கிட்டே வருவேன். நீ பதில் சொல்லணும்னு இல்ல, உம் கொட்டுனாப் போதும்.

எம் பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன். தேன்மதின்னு பேரு. மதுரைல ஹாஸ்டல்ல இருந்து கணக்கு படிக்கிறா, கடைசி வருசம். வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரிசம் போடுறோம். மாப்பிள்ளை வெளியாள் இல்ல, என் கூடப்பிறந்த தம்பி ஈஸ்வரன்தான். போடில ஏலக்காய் யாவாரம். பொண்ணுக்கு இன்னும் விசயம் தெரியாது. தெரிஞ்சா ஊர்ப்பக்கமே வரமாட்டா. அதனால அப்பாவுக்கு நெஞ்சு வலி, கூட்டிட்டு வர ஆள் வரும், ரெடியா இருன்னு காலைல என் தம்பி போன் போட்டுச் சொல்லிட்டான். தம்பி போனா அவ வரமாட்டா. அவ அப்பா போக முடியாது, அவருக்குத்தானே நெஞ்சு வலி! மிச்சம் யாரு, நான்தான். 'நீ வாயே திறக்க வேண்டாம்க்கா, போய்க் கூட்டிட்டு மட்டும் வா'ன்னான். அப்ப நான் பொய் சொன்னதா ஆகாதுல்ல?

நீ என்ன அப்படிப் பாக்குற? ஊர் உலகத்துல நடக்காததா? என்னையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தாங்க. டீச்சர் டிரெயினிங் சேர்ந்திருந்தேன் திண்டுக்கல்ல. அம்மாவுக்கு முடியலன்னு எங்க சித்தப்பா வந்து நின்னாரு. வழி பூராம் அழுதுக்கிட்டே வந்தேன். வந்து பாத்தா வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கு, எங்கம்மா கல்லுக்குண்டாட்டம் அடுப்படியில வடை சுட்டுக்கிட்டு இருக்கு. என் வீட்டுக்காரர் எங்கம்மாவோட கூடப்பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமன். இப்ப நான் என்ன கெட்டா போயிட்டேன்? நல்லாத்தான் இருக்கேன்.

சரி அதை விடு. என் வயித்தெரிச்சல் வேற. என் வயித்தெரிச்சல் பூராம் ஜெபசீலிதான். அவ எங்க ஆபீஸ்ல எனக்கு மேல இருக்கறவ. வயசுல சின்னவ, வாய்க்கு வாய் அக்கா அக்காம்பா. செஞ்ச வேலை இருக்கே, அதைச் சொல்றேன் கேளு.

நான் தேனில ஒரு ஜவுளிக்கடை மாடில வேலை பாக்குறேன். பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதும் வீட்டுல பேச்சுத்துணை இல்லாம சுவத்தோட பேச ஆரம்பிச்சிட்டேன். பொம்பளைங்க மட்டும் இருக்கிற ஆபீஸ்னதும் வீட்டுக்காரர் சரின்னுட்டாரு. என்ன வேலைங்கிற? கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற வேலை. சிரிக்காத. டீச்சர் ஆகணும்னு போனவ, ஆயிட்டேன்ல?

அது நெட்ல இருக்கறதையெல்லாம் படிச்சுக்கிட்டே கெடக்கும். தூங்காது, திங்காது. படிச்சுத் தனக்குப் புரிஞ்சதைச் சின்னச் சின்ன வரியா எழுதி எங்க முன்னால வைக்கும். 'வைகை அணை தேனி மாவட்டத்தில் உள்ளது.' சரின்னு அழுத்துவேன். 'இட்லியின் மனைவி சட்னி.' அடிப் பாவின்னு சிரிச்சுக்கிட்டே தப்புன்னு அழுத்துவேன். எவளோ ஒருத்தி சமையல் குறிப்புல இட்லிக்கு ஏத்த ஜோடி சட்னின்னு எழுதியிருப்பா, இது கல்யாணமே பண்ணி வச்சிருச்சு. சரி, தப்பு, தெரியல. மூணு பொத்தான், அம்புட்டுத்தான் வேலை. ஆனா ஒரு தப்பை அசந்து மறந்து சரின்னு விட்டுட்டோம்னு வையி, அதை வச்சு இன்னும் நிறையத் தப்பை அது தானாக் கத்துக்கும். ஒருத்தி விளையாட்டா ஆடித் தள்ளுபடியைப் பண்டிகைன்னு விட்டுட்டா. அடுத்த வாரம் பாத்தா ரிசல்ட் வர்ற நாள், பட்ஜெட்டு, கரண்டு கட்டு, எல்லாம் பண்டிகை!

அங்க ஒரு சட்டம் இருக்கு. அது படிச்ச நெட் பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் பாக்கணும். நமக்குத் தெரிஞ்சதை உள்ள கொண்டு வரக்கூடாது. எங்க ஊர்க் காளியம்மன் திருவிழா பங்குனி மாசம்னு ஒரு பக்கத்துல போட்டிருந்தான். சித்திரைல! நான் பிறந்து வளர்ந்த ஊரு, நான் தீச்சட்டி எடுத்த கோயிலு. தப்புன்னு அழுத்திட்டேன். ஜெபசீலி வந்து நிக்கிறா. 'அக்கா, பக்கத்துல பங்குனின்னுதானே இருக்கு? அப்பச் சரிதான். உங்களுக்குத் தெரிஞ்சது வேண்டாம்.' எப்படி இருக்கும் எனக்கு? சாமியே வந்து சொன்னாலும் அது பக்கத்துல இருந்தாத்தான் ஆச்சு. சரின்னு மாத்திப் போட்டேன். பழகிருச்சு. வீட்டுலயும் எனக்குத் தெரிஞ்சதை யாரும் கேக்கறதில்லையே.

இன்னொண்ணு. நாலு வேற வேற பக்கத்துல ஒரே விசயம் இருந்துச்சுன்னா, கம்ப்யூட்டர் எங்ககிட்டக் கேக்கவே கேக்காது. தானே சரின்னு எடுத்து வச்சுக்கும். 'இது நம்ம ஊரு மாதிரியே இருக்கேடி, நாலு பேர் சொன்னா முடிஞ்சு போச்சு'ன்னு ஜெபசீலிகிட்டச் சொன்னேன். அதுல ஒரு கூத்து நடந்துச்சு. கத்திரிக்காய்க் காம்பை அவிச்சுக் குடிச்சா சர்க்கரை வியாதி ஓடிரும்னு அது கத்து வச்சிருந்துச்சு. நாலு பக்கம் சொல்லுதாம். எனக்குச் சந்தேகம். ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தேன், வரிக்கு வரி ஒரே பேச்சு. ஒருத்தன் எழுதியிருக்கான், மத்த மூணு பேரும் அதை எடுத்து ஒட்டியிருக்கானுங்க. நாலு பேர் இல்ல தங்கச்சி, ஒரே ஆளு! நான்தான் கண்டுபிடிச்சேன். ஆபீஸ்ல எனக்குக் கை தட்டுனாங்க, பால்கோவா குடுத்தாங்க.

அப்புறம் குடும்பப் பாடம் வந்துச்சு. யாருக்கு யாரு அம்மா, யாரு புருசன், யாரு அண்ணன், இதை அது கத்துக்கணும். ஒருத்தருக்கு ஒருத்தர் கோடு போட்டுப் படமாக் காட்டும். அதுல அதுக்கு ஒரு இடத்துல இடிச்சிருச்சு. ஒரு மில்லுக்காரர் வரலாறு படிச்சிருக்கு, 'அக்கா மகளை மணந்தார்'னு. தாய்மாமன் எப்படிப் புருசனாக முடியும், ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு சிவப்புல காட்டி எங்ககிட்ட அனுப்பிருச்சு. நாங்க பூராம் விழுந்து விழுந்து சிரிச்சோம். டெல்லில இருந்து எங்க கம்பெனிப் பொண்ணு ஒண்ணு டிவில பேசுற மாதிரி கம்ப்யூட்டர்ல வந்துச்சு. இப்படியெல்லாம் உண்டான்னு கேட்டுச்சு. ஜெபசீலி எங்க பக்கம் திரும்பி, 'இங்க யாராவது இருக்கீங்களா'ன்னா. நான் டக்குனு கையைத் தூக்கிட்டேன். எனக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் கை ஏறுச்சு. அந்தப் பொண்ணு சிரிக்கல, ஏதோ எழுதிக்கிச்சு.

அப்புறம் என்ன, விதியை எழுதிக் குடுக்கச் சொல்லி எங்கிட்டத்தான் வந்தாங்க. நான்தானே விசயம் தெரிஞ்சவ! எழுதுனேன். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டலாம். கட்டலாம் என்ன, அது அவன் உரிமை. காதுகுத்துக்கு மடியில உக்கார வைக்கிறவன் அவன், சடங்குக்குச் சீர் கொண்டாரவன் அவன், பொண்ணு வேற இடத்துக்குப் போறதுன்னாலும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். ஒண்ணு விடாம எழுதுனேன். வாழ்க்கையில முத தடவையா எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டு ஒருத்தர் எழுதிக்கிட்டாங்க. எனக்கு அன்னைக்குச் சோறே இறங்கல, அம்புட்டுச் சந்தோசம்.

எங்க வீட்டையே அந்தப் படத்துல போட்டுப் பாத்தேன். மத்தவங்க வீடெல்லாம் கோடு விரிஞ்சு விரிஞ்சு போகுது. எங்க வீடு மட்டும் போன கோடு அங்கேயே திரும்பி வருது. எங்கம்மா எனக்கு அம்மா, எனக்கே நாத்தனாரும் அவதான். என் தம்பி எம் பொண்ணுக்குத் தாய்மாமன், அவ அப்பா வழில அத்தை மகனும் அவன்தான். ரெண்டு பக்கமும் முறை! கம்ப்யூட்டருக்குத் தலை சுத்திருச்சு. புருசன்கிட்டக் கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போவாங்கள்ல எல்லாரும்? நான் ஒரு தடவை போனேன். எங்கம்மா 'என் தம்பியை நீ என்னடி சொன்ன'ன்னு என்னைத்தான் வஞ்சா. அன்னைக்கே திரும்பி வந்துட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போக எனக்கு வேற வீடு இல்ல, ரெண்டும் ஒரே வீடு. அந்தப் படத்தைப் பாத்தப்பதான் அட ஆமால்லன்னு இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டேன்.

இந்தா, ஆண்டிபட்டி தாண்டியாச்சு. தண்ணி குடிக்கிறியா? வேண்டாமா?

இப்பத்தான் ஜெபசீலி கதை. நான் எழுதிக் குடுத்த விதியைப் படிச்சிட்டு அந்தக் கம்ப்யூட்டர் என்ன பண்ணுச்சு தெரியுமா? பொண்ணு இருந்து தாய்மாமனும் இருந்தா அவன்தான் புருசன்னு அதுவா எடுத்துக்கிட்டு, காலியா இருந்த இடத்தையெல்லாம் நிரப்ப ஆரம்பிச்சிருச்சு. உரிமைன்னு நான்தானே எழுதிக் குடுத்தேன், அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் புருசன் போட்டுக்கிட்டு வருது! நாங்க தப்பு தப்புன்னு அழுத்திக்கிட்டே இருந்தோம். அப்படி அழுத்திக்கிட்டு இருக்கறப்ப போன மாசம் ஒரு வரி வந்துச்சு. 'தேன்மதியின் கணவர் ஈஸ்வரன்.'

எங்க போட்டிருக்குன்னு பாத்தா, என் தம்பி ஏலக்காய்க் கடைக்கு அவன் பேர்ல நெட்ல ஒரு பக்கம் வச்சிருக்கான், அதுல அவ காதுகுத்துப் போட்டோ. மொட்டைத் தலை, மாமன் மடியில உக்காந்து வாயைப் பிளந்து அழுதுக்கிட்டு இருக்கா. கீழ 'தாய்மாமன் மடியில் தேன்மதி'ன்னு எழுதியிருக்கு. அம்புட்டுத்தான். அதைப் படிச்சிட்டு இது இப்படிச் சொல்லுது. எனக்குச் சாமியே உத்தரவு குடுத்த மாதிரி இருந்துச்சு. சரின்னு அழுத்திட்டேன்.

ஒருத்தி அழுத்துனாப் போதாது, இன்னொருத்தி பாத்து ஒத்துக்கணும். அது ஜெபசீலிகிட்டப் போயிருச்சு. எந்திரிச்சு வந்துட்டா. 'அக்கா, பக்கத்துல அப்படி இல்லையே?'

'எனக்குத் தெரியும்டி. எம் பொண்ணு, என் தம்பி.'

'கல்யாணம் ஆயிருச்சா?'

'ஆகப் போகுது. பேசி வச்சது. அவ தொட்டில்ல கெடக்கறப்பவே பேசி வச்சது. யாரை வேணா கேளு. என் வீட்டுக்காரர் சொல்வாரு, எங்கம்மா சொல்லும், என் தம்பி சொல்வான், நான் சொல்றேன். நாலு பேர் ஆச்சா?'

அவ ஸ்டூலை இழுத்துப் போட்டு எம் பக்கத்துல உக்காந்துட்டா. 'முதல்ல யாருக்கா சொன்னது?'

யாரு சொன்னாங்க? என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. பேரு வைக்கிற அன்னைக்கு, என் மச்சான் பயலுக்குத்தான் இந்தக் குட்டின்னு சொல்லித் தம்பி கையில பிள்ளையைக் குடுத்தாரு. அதைக் கேட்டு எங்கம்மா சொல்லுச்சு, அதைக் கேட்டுத் தம்பி சொன்னான், அதைக் கேட்டு நான் சொன்னேன். இதை அவகிட்டச் சொன்னேன். அவ அந்தக் காதுகுத்துப் போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தா. அப்புறம், 'தேன்மதி என்னக்கா சொல்லுது?'ன்னா.

வந்துச்சு பாரு எனக்குக் கோவம்! வேலையைப் பாருடி, என் வீட்டுக் கதை உனக்கெதுக்குன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ எந்திரிச்சுப் போயி அவ இடத்துல உக்காந்து, என் கண்ணு முன்னால, தப்புன்னு போட்டா. என் பொண்ணு வாழ்க்கைக்குத் தப்புன்னு போட்டா! நீயே சொல்லு, எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? அன்னைக்குல இருந்து நான் அவகூடப் பேசறதில்ல. இன்னைக்கு லீவுகூட அவகிட்டச் சொல்லாமத்தான் வந்தேன்.

பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேக்குறா. பொங்கலுக்கு வந்தப்ப சொன்னா. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா, பின்கட்டுல துணி காயப் போடறப்ப. 'அம்மா, என்னைத் தூக்கிக் குளிப்பாட்டி விட்ட மாமாம்மா அது. அதுகூட எப்படிம்மா? என்னால முடியாது. நீ எப்படியாவது அப்பாகிட்டச் சொல்லு'ன்னா. சென்னைல மேல படிக்கப் போறாளாம், வர்ற ஞாயித்துக்கிழமை அதுக்கு ஒரு பரீட்சை இருக்காம். நான் கேட்டுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொல்லி? சின்னப்பிள்ளை பேச்சு. என் தம்பி பதினஞ்சு வயசு மூத்தவன்னாலும் ஆளு தங்கம், வேற பொண்ணே பாக்காம இவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். அவ சொன்னது எந்தப் பக்கத்துலயும் இல்லையே தங்கச்சி, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

இரு, போன் அடிக்குது. அவதான். கொஞ்சம் இரு.

சொல்லுத்தா. ஆமா. ம்... எங்க இருக்க? ஆரப்பாளையத்துலயா? பஸ்ல ஏறிட்டியா? ஆள் வரும்னு மாமா சொன்னான்ல... அழாத. அழாதடி. என்னது? சரியாக் கேக்கல. ம்... ம்... தெரியலடி. கூட இருக்கறவதான், ஆனா எனக்கென்னடி தெரியும், டாக்டரா நானு? ... என் மேல எதுக்குச் சத்தியம் கேக்குற? ... ஆமா. ஆமாடி. முடியலதான். ... சரி. ... சரித்தா. நான் எங்கேயும் போகல. இங்கதான் இருக்கேன். சரி, வையி.

வச்சுட்டா.

பஸ்ல ஏறி உக்காந்துட்டாளாம். வண்டி எடுக்கப் போறானாம். 'மாமா சொல்லுச்சு, நான் நம்பலம்மா. நீ சொல்லு. நீ இல்லைன்னு சொன்னா இப்பவே இறங்கி ஹாஸ்டலுக்குப் போயிடுறேன். நீ சொன்னா மட்டும்தான் நம்புவேன்'ங்கிறா. தெரியலன்னு சொல்லிப் பாத்தேன். விடமாட்டேங்கிறா. நான் ஆமான்னுட்டேன். உடனே நம்பிட்டா தங்கச்சி! ஒரு கேள்வி கேக்கல. 'அப்பாவை விட்டு நகராதம்மா, நீ பக்கத்துலயே இரு, நான் வந்துடுறேன்'னு தேம்பித் தேம்பி அழறா.

நான் என்ன பண்ண, நீயே சொல்லு? வெள்ளிக்கிழமைக்கு ஊர் பூராம் சொல்லியாச்சு. சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. இப்பப் போய் நான் அவளைத் தடுத்தேன்னா எந்த வீட்டுக்குப் போவேன்? புருசன் வீடா, அம்மா வீடா, தம்பி வீடா? எல்லாம் ஒரே வீடு. எங்கிட்டுப் போனாலும் அதே வாசல்தான். அவளாவது அழுது முடிச்சுப் பழகிக்குவா. நான் பழகலையா? பழகிட்டேன்ல?

நீ ஏன் என் கையைப் பிடிக்கிற? நான் அழல. காத்து மூஞ்சில அடிக்குது.

அன்னைக்கு எங்க சித்தப்பாகூட பஸ்ல வந்தேன்ல, வழி பூராம் சாமியை வேண்டிக்கிட்டே வந்தேன், எங்கம்மாவைக் காப்பாத்துன்னு. வடை வாசம் வந்துச்சு பாரு, அப்பக்கூட எனக்கு முதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு, அம்மா நல்லா இருக்குன்னு. அப்புறந்தான் வாழைமரத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் எங்கம்மா சொன்ன எதையும் நான் நம்பினதில்ல. இன்னைக்கு வரைக்கும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என்னமோ உன்கிட்ட வாய் வந்துருச்சு.

உசிலம்பட்டி வந்துருச்சா? மதுரைல இருந்து வர்ற பஸ்ஸும் இந்த ஸ்டாண்டு உள்ள வந்துதான் போகும். இங்க இறங்கி நின்னேன்னா அவ வண்டி வர்றப்பக் கண்ணுல படுவேன். நான் அப்பா பக்கத்துல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு வர்றா. என்னை இங்க பாத்தாளே, அவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போகும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவளே இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவா. என் மூஞ்சில முழிக்காமக்கூடப் போவா. போகட்டும்.

கண்டக்டர் விசிலை வாயில வச்சுட்டான் பாரு. ஏங்க, கொஞ்சம் பொறுங்க, ஆள் இறங்குது! தங்கச்சி, தனியா எந்திரிச்சா மறுபடி உக்காந்துருவேன். கையை விட்டுறாத. அப்படியே பிடிச்சு என்னைத் தூக்கி விடு.